பேசாலை அக்காவின் செபமாலை

மல்லசமுத்திரத்தில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவே சாட்சி சொல்ல நேரம் ஒதுக்குவார்கள். சபையார் பெரும்பாலும் லாரியையும் ரிக் வண்டியையும் தறியையும் நம்பிப் பிழைப்பவர்கள். சாட்சிகளும் அதை ஒட்டியே இருக்கும். நாக்பூர் தாண்டி லாரி கவிழ்ந்தது, டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, தேவன் காத்தார். சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போன மகனுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, பிழைத்து வீடு வந்தான், தேவனுக்கு ஸ்தோத்திரம். கேட்கும்போது எனக்கும் கண் கலங்கும். பிழைத்தவர் நன்றி சொல்வது நியாயம்தானே.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிழைக்காத இடத்தில் என்ன சாட்சி சொல்வது? ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் மாண்டு, பாதிப் பேர் எழுந்து வந்தால், எழுந்து வந்தவர் வாயைத் திறந்து எதைச் சொல்வார்? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் ஒரு மீனவப் பெண். மன்னார்த் தீவில் உள்ள பேசாலை அவருடைய ஊர். இப்போது எங்கள் நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் வாழ்கிறார்.

நான் ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை. பரமத்தி வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். முகாம் பிள்ளைகள் எங்களிடம் படித்தார்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா இவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னை அவர் இன்றைக்கும் டீச்சர் என்றே அழைக்கிறார். அவர் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. எங்கள் வீட்டில் மாதா படம் கிடையாது. அவர் வீட்டில் கதவைத் திறந்ததும் முதலில் தெரிவது மடு மாதா படம்தான். வேலையில் இருந்தபோதும் அதற்குப் பிறகும் எத்தனையோ சாயங்காலம் அந்தப் படத்துக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து பேசியிருக்கிறோம்.

அக்கா வாயிலிருந்து ஒரு முறைகூட "கடவுள் என்னைக் காப்பாற்றினார்" என்ற பேச்சு வந்ததில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"மாதா எங்களக் காப்பாத்தினவ எண்டு நான் சொல்ல மாட்டன் டீச்சர். அப்பிடிச் சொன்னா, செத்த சனத்தை அவ விட்டுட்டா எண்டுதானே வரும்? அவ எங்களோட இருந்தவ. அது மட்டும் எனக்குத் தெரியும்."

இந்த ஒரு பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு அவருடைய ஊரின் சரித்திரம் முழுவதும் தேவைப்பட்டது.

மன்னாரின் கிறிஸ்தவம் இரத்தத்தோடு தொடங்கியது. 1544-ல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லச் செய்தான். அதற்குப் பிறகு போர்த்துக்கீசர் ஆட்சி வந்தது. 1658-ல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள், அதாவது என் தரப்பைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கக் குருமார்களை நாட்டைவிட்டு விரட்டினார்கள், வழிபாட்டைத் தடை செய்தார்கள். கோவாவிலிருந்து யோசேப்வாஸ் என்ற குரு பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687-ல். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார், அதைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தம் மக்களை அடையாளம் கண்டார் என்பார்கள். 1711-ல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14-ம் தேதி போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நடுவில் இருக்கும் அந்த வருடங்களைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். கிட்டத்தட்ட முப்பது வருடம் கோயில் இல்லை, பூசை இல்லை, குருவானவர் இல்லை. ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து பெரியவர்களாகிவிடும் காலம். ஆனாலும் யோசேப்வாஸ் வந்தபோது கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். யார் காத்து வைத்தது? வீட்டுப் பெண்களும் ஊர்ப் பெரியவர்களும்தான். மனப்பாடமான செபங்களை இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். பின்னால் யோசேப்வாஸ் அந்த ஏற்பாட்டையே ஊருக்கு ஊர் முறைப்படுத்தினார். செபம் சொல்லித் தர அண்ணாவி, ஊரைக் கூட்டி நடத்த மூப்பர் என்று ஆட்களை வைத்தார்.

மடுவும் அந்தத் துரத்தலில் பிறந்த இடம். 1670-ல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி, மருதமடுவில் தங்கியதாகச் சொல்கிறார்கள். ஓடி வந்தவர்களின் மாதா என்பதால்தானோ என்னவோ, அடுத்தடுத்த தலைமுறைகளும் ஓட வேண்டி வந்தபோது அங்கேதான் ஓடினார்கள். மடுவுக்குத் தமிழரும் போவார்கள், சிங்களவரும் போவார்கள். இந்துக்களும் நேர்த்தி வைப்பார்கள். அந்த மண் பாம்புக்கடிக்கு மருந்து என்று சிறு பொட்டலமாகக் கட்டி வீட்டில் வைத்திருப்பார்கள். அக்காவிடமும் ஒரு பொட்டலம் இருக்கிறது. கடல் தாண்டி வரும்போது எடுத்து வந்தவற்றில் அதுவும் ஒன்று.

1990 ஜூனில் ராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டபோது அக்காவின் குடும்பம் மடுவுக்கு ஓடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோயிலைச் சுற்றிக் காட்டுக்குள் தறப்பாள் கட்டிக் குந்தியிருந்தன. ஐ.நா. அகதிகள் ஆணையம் அங்கே நிவாரண மையம் நடத்தியது. கோயில் வளவுக்குள் ஷெல் வராது என்று சனம் நம்பியது. அந்த நம்பிக்கை பொய்யானது. 1999 நவம்பர் 20 இரவு மடு ஆலயத்தின் மீதே ஷெல் விழுந்தது. தஞ்சம் புகுந்திருந்தவர்களில் சுமார் 40 பேர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அதற்கு நான்கு வருடம் முந்தி, 1995 ஜூலை 9 அன்று, யாழ்ப்பாணத்தில் நவாலி புனித பேதுரு ஆலயத்தின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அவர்களும் ராணுவம் முன்னேறி வருகிறது என்று ஊரைவிட்டு ஓடிவந்து, கோயில்தானே என்று களைப்பாற உட்கார்ந்தவர்கள்.

பேசாலையின் முறை 2006 ஜூன் 17-ல் வந்தது. அதற்குள் ஊர் திரும்பியிருந்த அக்கா அன்று வெற்றி அன்னை ஆலயத்துக்குள் இருந்தார். வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊரே கோயிலுக்குள் ஓடியிருந்தது. ஆலயத்தை நோக்கிச் சுட்டார்கள், உள்ளே கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு பெண் உயிரிழந்தார். பலர் காயப்பட்டார்கள். கடற்கரையில் மீனவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊர் மக்கள் கடற்படையைச் சொன்னார்கள், அரசுத் தரப்பு மறுத்தது. அந்தப் பருவத்திலேயே அக்கா கணவரோடும் மகளோடும் வள்ளம் ஏறினார். மணல் திட்டில் இறக்கிவிட்டார்கள், அங்கிருந்து மண்டபம் முகாம், பதிவு, விசாரணை, பிறகு பரமத்தி.

"கோயிலுக்குள்ளயே குண்டு போட்டாங்கன்ற பிறகும் எப்படிக்கா கோயிலுக்குப் போக மனசு வந்தது?" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறே அதே கோயிலில் பூசைக்குப் போனதாகச் சொன்னார். வேறு எங்கே போவது என்று என்னைத் திருப்பிக் கேட்டார். செத்தவர்களுக்குச் செபம் சொல்ல வேண்டும், காயப்பட்ட ஆட்களின் பேரை வாசிக்க வேண்டும், யார் யார் வள்ளம் ஏறிவிட்டார்கள் என்று தெரிய வேண்டும். இதெல்லாம் நடக்கும் இடம் அதுதான்.

போர்க்காலத்து விசுவாசம் என்றால் வீரமான, அசையாத ஏதோ ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அக்காவிடம் நான் கண்டது அன்றாட வேலை. சமைப்பது, தண்ணீர் தூக்குவது, செபமாலை சொல்வது. மனசு வந்தால்தான் செபம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. மனசு வராத நாட்கள்தான் அவர் வாழ்க்கையில் அதிகம்.

செபமாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் சபையில் அந்தப் பழக்கம் இல்லாததால் நானும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பத்துப் பத்தாக ஐந்து கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் கிறிஸ்து கற்பித்த செபம், பிறகு மரியாளை நோக்கிய சிறு செபம் பத்து முறை. பாதியை ஒருவர் முன்சொல்ல, மீதியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். இதற்குப் புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், குருவானவர் வேண்டாம். எழுத்துத் தெரியாத பாட்டியும் பால்குடி மறந்த பிள்ளையும் ஒன்றாகச் சொல்லலாம். பங்கருக்குள் இருக்கும்போது இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அக்கா சொன்ன பிறகுதான் விளங்கியது.

"விளக்குக் கொளுத்த ஏலாது. வெளிச்சம் கண்டா அடிப்பாங்கள். இருட்டுக்குள்ள பிள்ளையள் அழத் தொடங்கும். அம்மா செபமாலையத் தொடங்குவா. ஷெல் கிட்ட விழுந்தா முன்சொல்லுற ஆள் நிண்டுடும். பக்கத்தில இருக்கிற ஆள் எடுக்கும். எந்த மணியில விட்டது எண்டு விரலுக்குத் தெரியும்."

அவர் அம்மா இப்போது இல்லை. விட்ட மணியிலிருந்து எடுப்பது அக்காவின் பழக்கமாகிவிட்டது. முகாமில் மின்சாரம் போனாலும், தண்ணி லாரி வந்து பாதியில் எழுந்து ஓடினாலும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

குருமார்கள் இல்லாமலும் செபம் நடந்தது என்றேன். ஆனால் அந்தப் போரில் பல குருமார்கள் தங்கள் மக்களைவிட்டு நகரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1984 டிசம்பரில் முருங்கனில் மெதடிஸ்ட் போதகர் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே வங்காலையில் மேரி பஸ்தியான் அடிகளார். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியின் பங்குக் குரு ஜிம் பிரவுன் காணாமல் போனார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் யோசப் அடிகளார், இறுதிவரை வன்னியில் மக்களோடு இருந்து, 2009 மே 18-ல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு ராணுவத்திடம் போனார். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசப், மடுவை ஆயுதம் நுழையாத இடமாக விட்டுவிடுங்கள் என்று இரு தரப்பையும் கேட்டார். நடக்கவில்லை. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியதும் மாதா சுரூபத்தையே எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது. பரமத்தியில் இருந்தபடி அந்தச் செய்தியைக் கேட்டபோது அக்கா அழவில்லையாம். "எங்களப் போல அவவும் இடம்பெயர்ந்துட்டா" என்று மட்டும் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாராம்.

இரு தரப்பையும் என்று எழுதினேன். இதைச் சொல்ல நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் அக்கா மறைக்காததை நான் மறைப்பது சரியில்லை. 2009-ன் தொடக்கத்தில் வன்னிக் கடற்கரையில் வலைஞர்மடம் மாதா கோயிலில் இளம்பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒளிந்திருந்தார்கள். புலிகள் இயக்கத்தின் கட்டாய ஆள்சேர்ப்புக்குப் பயந்து குருமாரிடமும் கன்னியரிடமும் அடைக்கலம் கேட்டு வந்தவர்கள். புலிகள் கோயிலுக்குள்ளேயே வந்து இழுத்துச் சென்றார்கள். அக்காவின் தம்பி முல்லைத்தீவில் பெண் எடுத்து அங்கேயே கடல் தொழில் செய்துகொண்டிருந்தவர். வேறொரு இடத்தில், அதே மாதங்களில், அவரையும் அப்படித்தான் பிடித்துப் போனார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன். போரின் கடைசி நாளில் உயிரோடு வந்துவிட்டார். ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் பதிய வேண்டும் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. பதிந்தார். பஸ்ஸில் ஏற்றினார்கள். மனைவியும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கையில் பஸ் புறப்பட்டது.

இனி நான் சொல்லப்போவது சரித்திரப் புத்தகத்தில் கிடைக்காதது. கத்தோலிக்கக் கோயில்களில் பூசைக்கு ஒப்புக்கொடுக்க நோட்டு ஒன்று வைத்திருப்பார்கள். நன்றிக்கு, உடல்நலத்துக்கு, இறந்தவர் ஆன்மா இளைப்பாற்றிக்கு என்று என்ன கருத்துக்காகப் பூசை என்பதை அதில் எழுத வேண்டும். சாமியார் பூசையில் அதை வாசிப்பார். அக்கா ஒவ்வொரு மே மாதமும் தம்பி பேரை எழுதுகிறார். உடல்நலத்துக்கு என்றுதான் எழுதுகிறார். ஒரு முறை புதிதாக வந்திருந்த சாமியார் கரிசனமாகக் கேட்டாராம், உங்கள் தம்பிக்கு உடம்புக்கு என்ன என்று.

"என்ன வருத்தம் எண்டு தெரியாது சாமி. ஆளக் காணேல்ல."

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அம்மாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துவார், அப்பாவுக்குக் கொளுத்துவார், பேசாலைக் கோயிலுக்குள் இறந்த அந்தப் பெண்ணுக்கும் கொளுத்துவார். தம்பிக்கு இல்லை. கொளுத்தினால் செத்துவிட்டான் என்று தானே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும் என்கிறார். இலங்கையில் காணாமல் போனவர்களின் தாய்மார் பலர் அரசு தரும் மரணச் சான்றிதழை வாங்க மறுப்பதும் இதனால்தான். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் அந்த அம்மாக்கள் போராட்டமாக உட்கார்ந்தார்கள். வவுனியாவில் அதே வாரம். மகன்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இந்துத் தாய்மாரும் உண்டு, கிறிஸ்தவத் தாய்மாரும் உண்டு. யாருக்குத் திவசம் கொடுப்பது, யாருக்குப் பூசை வைப்பது என்ற முடிச்சு இரு வீட்டிலும் ஒன்றே. போர் முடிந்த இரண்டாவது வருடத்தில் ஆயர் இராயப்பு யோசப் அரசின் விசாரணை ஆணைக்குழு முன் போய், அரசாங்கத்தின் சொந்தப் பதிவேடுகளையும் ஐ.நா. கணக்கையும் ஒப்பிட்டு, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று கேட்டார். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 2021-ல் இறந்தார். என்னைக் கேட்டால் அதுவும் ஜெபம்தான். பேர்களை யாரும் மறந்துபோக விடாமல், ஆண்டவர் காதிலும் அரசாங்கத்தின் காதிலும் போட்டுக்கொண்டே இருப்பது.

அக்காவின் மகள் இப்போது நர்ஸ். அவளுக்கும் அம்மாவுக்கும் இதில் ஒத்துப்போகவில்லை. "மாமா செத்திருந்தா, அவங்க ஆன்மாவுக்கு யாரும்மா செபம் பண்றது? இத்தனை வருசமா நீ சுகத்துக்கு எழுதிட்டே இருந்தா அவங்களுக்குப் போய்ச் சேர வேண்டியது எப்படிச் சேரும்?" என்று கேட்கிறாள். எங்கள் ஊர்த் தமிழ் அவள் நாக்கில் ஏறிவிட்டது. அவள் கேட்பதும் அன்பினால்தான். இருவரும் சாமியாரிடமே போனார்கள். எந்தக் கருத்தில் எழுதினாலும் அது சேர வேண்டிய இடத்துக்குச் சேரும், அதைப் பிரித்து அனுப்பும் வேலை நம்முடையதல்ல என்று அவர் சொன்னாராம். மகள் சமாதானம் ஆனாள். அக்கா உடல்நலத்துக்கே எழுதுகிறார்.

என் சபைக்கு இதிலிருந்து ஏதாவது கொண்டுபோக முடியுமா என்று நெடுநாள் யோசித்தேன். நாங்கள் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை, செபமாலை சொல்வதில்லை. எங்களுக்கு இருப்பது வேதம். அதைத் திறந்து பார்த்தால் சங்கீதங்களில் ஒரு பெரிய பங்கு முறையீடு. 13-ம் சங்கீதம் எத்தனை காலம் என்று கேட்கிறது. 44-ம் சங்கீதம், உம்மை நாங்கள் மறக்கவில்லையே, பிறகு ஏன் இப்படி அடிபட்டோம் என்று கடவுளிடமே வழக்குப் பேசுகிறது. 88-ம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. ஆலயங்களில் பாடுவதற்கென்று தொகுத்த புத்தகத்தில் இவை இருக்கின்றன. ஆனால் ஞாயிறு சாட்சியில் இவற்றுக்கு இடம் இல்லை. மகனை விபத்தில் இழந்த லாரிக்காரர் வீட்டு அம்மா எங்கள் சபையில் இருக்கிறார். சாட்சி நேரம் வந்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இப்போது 44-ம் சங்கீதத்தை வாசிக்கிறோம். அந்த அம்மாதான் முதலில் வாசித்தார்.

கும்பிட்ட இடத்தில் செத்தவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்றார்கள். அதே வருடம் அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டார்கள், மன்னார்த் தீவில் இருந்தவர்களும். அந்தச் செய்தி வந்தபோது அக்கா மடுவில் இருந்தார். மீன் வாங்க வந்துபோகும் எருக்கலம்பிட்டி வியாபாரியின் குடும்பத்துக்காகவும் அன்றைக்கு அவர் அம்மா ஒரு பத்து மணி சேர்த்துச் சொன்னதாக நினைவு வைத்திருக்கிறார்.

2019 ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை, அதோடு கொழும்பின் பெரிய ஹோட்டல்கள். குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோன் சபையில் செத்தவர்களில் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்த பிள்ளைகள் பலர். போர் முடிந்து பத்து வருடம் ஆகி, இனிக் கோயிலில் பயம் இல்லை என்று நினைத்திருந்த காலம். அன்று மாலை நான் அக்காவுக்குப் போன் செய்தேன். டிவியை அணைத்துவிட்டுச் செபமாலையில் இருந்தார்கள். மே மாதம் அதற்குப் பழியாக அங்கே முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் கையை ஓங்காதீர்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். குடும்பத்தையே புதைத்துவிட்டு வந்தவர்களிடம் அதைக் கேட்பது எவ்வளவு கனமான காரியம். கேட்டார். பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள்.

உலகம் முழுக்க இப்போதும் இது நடந்துகொண்டிருக்கிறது. 2023 அக்டோபர் 19 அன்று காசாவில், மிகப் பழைய புனித பொர்பிரியூஸ் ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. அங்கிருக்கும் ஒரே கத்தோலிக்கப் பங்குக்குப் போப் பிரான்சிஸ் சாயங்காலம் தோறும் போன் செய்து, இன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்று கேட்பாராம். 2025 ஏப்ரலில் இறப்பதற்கு முன்வரை கேட்டிருக்கிறார். அக்காவுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போனது. சாப்பிட்டீர்களா என்பதை விட்டு வேறு என்ன கேட்பது என்றார்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, பல இடங்களில் புது வீடுகள் கட்டித் தந்தார்கள். நல்ல காரியம். குடியுரிமை மட்டும் வரவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கும் இந்துக்களுக்கும் 2019 சட்டத் திருத்தத்தில் வழி உண்டு. கடல் தாண்டி நம் கரைக்கே வந்த தமிழருக்கு அதில் இடம் இல்லை. அவர்கள் பக்கம் நின்று கேட்க வேண்டியது நாம். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் போய்வர அக்காவுக்கு ஆசை. போனால் திரும்பி மகளிடம் வர விடுவார்களோ என்ற பயத்தில் இதுவரை போகவில்லை.

இலங்கையில் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒன்று 2018 முதல் இயங்குகிறது. தம்பி மனைவி அங்கே ஏற்கெனவே பதிந்திருக்கிறார். தன் பங்குக்கும் ஒரு கடிதம் போக வேண்டும் என்று அக்கா என்னை எழுதச் சொன்னார். பாயில் உட்கார்ந்து எழுதினோம். பேர், பிறந்த தேதி, தொழில், கடைசியாகக் கண்ட இடம் வட்டுவாகல், கண்டவர்கள் மனைவியும் மூன்று பிள்ளைகளும். கோரிக்கை என்ற இடத்தில் நஷ்டஈடு கேட்கலாமா என்று நான் பேனாவை நிறுத்தினேன்.

"காசு வேண்டாம் எண்டு எழுதுங்கோ டீச்சர். அந்த பஸ் எங்க போனது எண்டு மட்டும் கேளுங்கோ."

அப்படியே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, பரமத்தி தபால் ஆபீஸில் பதிவுத் தபாலில் சேர்த்தோம்.